சுவர் வழியே வந்தவன்

முதல் பாகம் வந்த வருஷம்
எனக்கு நல்ல வருஷம்.
ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளில்
பதினேழு வீட்டுக்குக் கிரில் அடித்தேன்.
மிசஸ் கோர், ஒன்பதாவது மாடி,
சன்னலுக்கும் வேண்டும் என்றார்.
இவ்வளவு உயரத்துக்கு எவன் ஏறுவான் ஆன்ட்டி?
அந்தப் படத்தில் ஏறினானே, என்றார்.

ஏறினான்தான்.
தண்ணீர்க் குழாயைப் பிடித்து,
நான்காவது மாடியில் மூச்சிரைத்து,
ஏசிப் பெட்டியின்மேல் குந்தி
கெண்டைக்காலை நீவிவிட்டுக்கொண்டான்.
கத்தியைப் பல்லில் கடித்திருந்ததால்
எச்சில் ஒழுகியது. துடைக்கக் கையில்லை.
பிறகு பின்கட்டுப் பூட்டை
வளைத்த கரண்டியால் நோண்டினான்,
பதினோரு நிமிடம்.
நான் கடிகாரம் பார்த்தேன். தொழில் புத்தி.
மலிவுப் பூட்டு அது,
என்னிடம் விட்டிருந்தால் மூன்று நிமிடம்.
ஆனாலும் அந்தப் பதினோரு நிமிடமும்
விமலேஸ்வரியின் நகம் என் முழங்கையில் இருந்தது.
நாலு நாள் தழும்பு.

ஏழு வருஷம் கழித்து
பயான் பாருவில் இரண்டாம் பாகம்.
இருவருக்கு முப்பத்தெட்டு ரிங்கிட்,
சோளப்பொரி தனி.

அவன் செத்திருந்தான். நியாயம்.
லாரி ஏறியதை நாமும்தானே பார்த்தோம்.
ஆனால் அவனுடைய கடைவாய்ப்பல் ஒன்று
கதாநாயகியின் தம்பி குடித்த சூப்பில்
விழுந்திருந்ததாம்.
எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.
தம்பி வளர, வயிற்றுக்குள் பல்லும் வளர,
சந்திர கிரகணத்து ராத்திரி
மைக்ரோவேவ் கதவில் நிலா விழுந்து
டிங் என்றதும்
புகையாகி, ஆளாகி நின்றான்.
அதே சட்டை. இஸ்திரி மட்டும் புதுசு.

மலாயில் ஒரு வரி ஓடியது,
அதன் கீழே சீனத்தில் ஒரு வரி,
அதற்கும் கீழே என் சிரிப்பு.

இனி அவனுக்குக் குழாய் வேண்டாம்,
கரண்டி வேண்டாம்.
சுவர் வழியே வந்தான்,
கூரை வழியே வந்தான்,
ஒரு தடவை குளிர்பெட்டிக்குள்ளிருந்து,
தக்காளிக்குப் பக்கத்தில்.
சுவர் வழியே வருகிறவனுக்குக் கத்தி எதுக்கு?
அவன்தான் புகை, சரி,
கத்தி எப்படிச் சுவரைத் தாண்டியது?
சத்தமாகவே கேட்டுவிட்டேன்.
முன்வரிசைப் பையன் திரும்பி
அதானே அங்கிள், என்றான்.

இடைவேளை தாண்டி ஒரு பேராசிரியர் வந்து
கரும்பலகையில் வட்டம் போட்டு
எல்லாவற்றையும் விளக்கினார்.
டியூஷனில் யார் பயப்படுவார்கள்?
விமலேஸ்வரி என் தோளில் தூங்கிப்போனாள்.
என் முழங்கை சும்மா கிடந்தது.
அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்,
திரையைவிட்டு.

மறுவாரம் மிசஸ் கோர் கூப்பிட்டார்.
அவரும் பார்த்திருக்கிறார்.
சன்னல் கிரிலைக் கழற்றிவிடு,
இப்போது அவன் சுவர் வழியாகவே வருகிறான்,
எனக்கு மட்டும் எதற்குக் கம்பி?
துணி காயப்போடவும் இடைஞ்சல்.

பசியாறிவிட்டுப் போனேன்.
ஆணிகள் துருப்பிடித்துப் போராடின.
வெளிப்பக்கம் ஒரு கீறல் இல்லை,
புறா எச்சம்தான்.
உள்பக்கம், கொண்டிக்கு அருகில்,
கட்டைவிரல் அகலத்துக்குச்
சாயம் தேய்ந்து இரும்பு மினுங்கியது.
ஏழு வருஷம், ராத்திரிக்கு ஒரு தடவை.
நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.
தேநீர் போடுகிறேன் என்று
உள்ளே போய்விட்டார்.

கழற்றியதும் காற்று வந்தது,
தூரத்தில் கொஞ்சம் கடலும்.
இருநூறு ரிங்கிட் சொன்னேன்,
நூற்றைம்பதுக்கு முடித்தார்.

அந்தக் கிரிலை
பழைய இரும்புக்குப் போடவில்லை.
கடையின் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன்.
மூன்றாம் பாகம் எடுக்கிறார்களாம்.
அதிலாவது அவனுக்கு
மறுபடியும் கால் வலிக்கட்டும்.